மலைக் காசும் ஊர்க் காசும்

போடிநாயக்கனூரில் கோழி கூவுவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஆட்கள் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். இருட்டின பிறகு திரும்பி வருவார்கள். ஊர் ஒரு மாநிலம், வேலை ஒரு மாநிலம். இந்த ஊர்க்காரர்களுக்கு அது அதிசயமே இல்லை. 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. தோட்டம் அங்கே, வீடு இங்கே என்று அன்றைக்கு ஆனது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஆனால், புதிதாக வந்தவருக்கு அது அவ்வளவு எளிதில் பிடிபடாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் பதினாறு வருடம் வேலை பார்த்த ஒருவர், 2024 மே மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு மனைவி, மகளோடு போடிக்குக் குடிவந்தார். மாமனாருக்கு மூட்டு வலி. மலை ஏறி இறங்க முடியவில்லை. தன் 6 ஏக்கர் ஏலத்தோட்டத்தில் 3 ஏக்கரை மாப்பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுத்து, பச்சைக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சாவியையும் கையில் கொடுத்தார். அதோடு ஒரு மஞ்சள் பையையும் கொடுத்தார். அதில் பதினைந்து வருடத்துச் சீட்டுகள் இருந்தன.

"எல்லாம் இதுக்குள்ள இருக்கு மாப்ள. நான் பிரிச்சுப் பார்க்கிறதில்ல. நீங்க படிச்சவுக, பார்த்துக்கங்க."

கம்பெனிக் கணக்கு எழுதிய கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஒரு வாரத்தில் தலை சுற்றியது. வீடு தமிழ்நாட்டில், நிலம் இடுக்கி மாவட்டத்தில். காய் சில வாரம் புற்றடி ஏலத்துக்குப் போகிறது, சில வாரம் போடி ஏலத்துக்கு வருகிறது. பணம் விழுவது போடி பேங்க்கில். மனைவிக்கு போடியிலேயே ஒரு தனியார் பள்ளியில் வேலை. அப்படியென்றால் வரி யாருக்கு? தமிழ்நாட்டுக்கா, கேரளத்துக்கா, டெல்லிக்கா? ஜீப்பில் உடன் வந்தவர்களிடம் கேட்டார். "விவசாயிக்கு என்னங்க வரி?" என்று சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "கேரளாக்காரன் தனியா ஒரு வரி வச்சிருக்கான்" என்று பயமுறுத்தினார்.

நிலம் இருக்கிற இடம்தான் கணக்கு

ஊரில் பழகிய ஆடிட்டர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தார். ஆடிட்டர் முதலில் சொன்னது ஒரு பழைய கதை. 1860-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வருமானவரி வந்தபோது விவசாய வருமானத்துக்கும் வரி இருந்தது. 1886-ல் வந்த சட்டம் அதை விலக்கியது. பிறகு அரசியல் சட்டம் எழுதியபோது, விவசாய வருமானத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துக்கு, மற்ற வருமானத்துக்கு வரி போடும் உரிமை மத்திய அரசுக்கு என்று தனித்தனிப் பட்டியலில் வைத்தார்கள்.

"அதனால, உங்க வீடு எங்க இருக்குங்கிறது விவசாய வரிக்குக் கணக்கில்லை. நிலம் எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநிலச் சட்டம்தான் பேசும். டெல்லிக்குக் கட்டுற வருமானவரிக்கு நீங்க திருப்பூர்ல இருந்தாலும் போடியில இருந்தாலும் ஒண்ணுதான். பான் கார்டுல விலாசத்தை மட்டும் மாத்திக்கங்க."

தோட்டப் பயிர்களுக்கு விவசாய வருமானவரி என்பது இரண்டு மாநிலத்துக்கும் புதிதல்ல. சென்னை மாகாணம் 1955-ல் தோட்டங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. கேரளத்தில் 1991-ல் வந்த சட்டம் இருக்கிறது. ஜீப்பில் கேட்ட பயமுறுத்தல் இந்தச் சட்டத்தைப் பற்றியதுதான். அவர் அதைக் கேள்வியோடு விடவில்லை. ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு, நிலம் இருக்கிற பகுதியின் வரி அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். 3 ஏக்கர் தனி விவசாயிக்கு அந்த வரி இல்லை என்று அங்கே சொன்னார்கள். நிலத்துக்கான கரத்தை மட்டும் வருடா வருடம் கிராம அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அது பரப்புக்குப் போடும் வரி. காய் விளைந்தாலும் கட்ட வேண்டும், காய்ந்தாலும் கட்ட வேண்டும். அந்த ரசீதின் அருமை அவருக்கு அப்போது தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிடித்த தொழில் வரி

அடுத்த குழப்பம் மனைவியின் சம்பளத்தில் வந்தது. திருப்பூரில் வேலையை முடித்துக் கணக்குத் தீர்த்தபோதே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டுக்குத் தொழில் வரி பிடித்துவிட்டார்கள். போடிப் பள்ளியில் ஆகஸ்ட் சம்பளத்தில் மறுபடியும் அதே அரையாண்டுக்குப் பிடிக்கப் போவதாகச் சொன்னார்கள்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு ஊர்ல வரியா?" என்று அவர் மனைவி கேட்டது நியாயமான கேள்வி.

தொழில் வரி உள்ளாட்சிக்குப் போகிற வரி. தமிழ்நாட்டில் அதை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகின்றன. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. ஊர் மாறியதற்காக ஒரே அரையாண்டுக்கு இரண்டு முறை கட்ட வேண்டியதில்லை. ஆனால், முதல் ஊரில் கட்டியதற்கு ரசீது காட்ட வேண்டும். பழைய பள்ளியிலிருந்து ரசீது நகலை வரவழைத்துக் கொடுத்த பிறகு அந்த அரையாண்டுக்குப் பிடிக்கவில்லை. அக்டோபரிலிருந்து போடி நகராட்சிக் கணக்கில் பிடித்தார்கள். தொகை சில நூறுகள்தான். ஆனாலும் அன்றைக்கு வீட்டில் ஒரு புதிய பைல் வாங்கினார்கள். மஞ்சள் பைக்கு மாற்றாக வந்த முதல் பைல் அது.

அக்கம்பக்கத்துப் பச்சைக்காய்

2024 கோடையில் மலையில் வறட்சி கடுமையாக இருந்தது. பல தோட்டங்களில் தட்டைகள் காய்ந்து சாய்ந்தன. அதனால் காய் குறைந்தது, விலை ஏறியது. அவருடைய 3 ஏக்கரில் அந்தப் பருவத்தில் உலர்ந்த காயாக 500 கிலோ கிடைத்தது. ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த காய் என்பது மலைக் கணக்கு. சராசரியாகக் கிலோ 2,400 ரூபாய்க்குப் போய், 12 லட்சம் வரவு. எடுப்புக் கூலி, உரம், மருந்து, கவாத்து, விறகு என்று 6,80,000 செலவு. மிச்சம் 5,20,000.

ஸ்டோர் சும்மா கிடக்க வேண்டாமே என்று அக்டோபரிலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர்களின் பச்சைக்காயையும் கூலிக்கு உலர்த்திக் கொடுத்தார். கிலோவுக்கு 12 ரூபாய். பருவம் முடிய 60,000 கிலோ உலர்த்தி 7,20,000 ரூபாய் வந்தது. விறகும் ஆளும் கரண்டும் போக 3,80,000 நின்றது. ஸ்டோர் இருந்த ஊரின் பஞ்சாயத்தில், அரையாண்டில் 60 நாளுக்குக் குறையாமல் தொழில் நடந்ததால், அந்தத் தொழிலுக்கான வரியையும் அங்கேயே கட்டினார்.

2025 ஆகஸ்டில் ரிட்டர்ன் போடும் நேரம் வந்தது. அந்த ஆண்டு கடைசி நாளைச் செப்டம்பர் 15 வரை தள்ளியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த மச்சினன் ஒரு யோசனை சொன்னான்.

"எதுக்கு மச்சான் ரெண்டு கணக்கு? உலர்த்துன காசையும் தோட்டத்துக் காசோட சேர்த்து மொத்தமா 9 லட்சம் விவசாயம்னு போட்டுருங்க. வரியே கிடையாது. மலையில பாதிப் பேர் அப்படித்தான் போடுறாங்க."

அவருக்கும் அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. காய் ஏலக்காய்தானே, ஸ்டோரும் தோட்டத்து ஸ்டோர்தானே? திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனார் மட்டும் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. மஞ்சள் பையில் இல்லாத கவர்.

கவருக்குள் இருந்தது

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது ஏலக்காய் விவசாயிகளுக்கு இன்னும் மறக்கவில்லை. முந்தைய வருடத்துப் பெருவெள்ளத்தில் செடிகள் அழுகின, அந்த வருடம் மழையும் தாமதித்தது, காயே இல்லை. அந்தப் பருவத்தில் மாமனார் தன் தோட்டத்தில் ஏறக்குறைய 1,000 கிலோ எடுத்தார். கையிலிருந்த பணத்தைப் போட்டு அக்கம்பக்கத்தில் பச்சைக்காய் வாங்கி உலர்த்தி, தன் பெயரிலேயே ஏலத்துக்கு அனுப்பினார். மொத்தம் 2,600 கிலோ. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விவசாய வருமானம் என்று போட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கேள்வி வந்தது. 6 ஏக்கரில் 2,600 கிலோ எப்படி வந்தது? வாங்கின காய்க்குச் சீட்டு எங்கே? கேள்விகள் மின்னஞ்சலில் வந்தன. ரிட்டர்னில் கொடுத்திருந்ததோ சென்டர்காரப் பையனின் மின்னஞ்சல். அவன் சென்டரை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தான். ஒரு கேள்விக்கும் பதில் போகவில்லை. கடைசியில், 1,000 கிலோவுக்கு மேல் விற்றது முழுவதையும் வியாபார வருமானமாக எடுத்துக்கொண்டு உத்தரவு போட்டார்கள். காய் வாங்கக் கொடுத்த பணத்துக்கு அத்தாட்சி இல்லாததால் அந்தச் செலவையும் கழிக்கவில்லை. பேங்க் கணக்கை முடக்கிய பிறகுதான் மாமனாருக்கு விஷயமே தெரிந்தது.

"அந்த லாபத்துக்கு வரி கேட்டிருந்தா கட்டியிருப்பேன் மாப்ள. முதலுக்கும் சேர்த்துக் கேட்டுட்டாக. உங்க அத்தை ஆரமும் வளையலும் போனது இதுலதான். கோயில் கொடைக்கு அவ கழுத்துல போடலைன்னு நீங்ககூட ஒருதரம் கேட்டீக. லாக்கர்ல இருக்குன்னு சொன்னோம்."

மச்சினனுக்கே அது தெரியாது. வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அத்தை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போனது போச்சு, புள்ளைக காசாவது நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் எவ்வளவு?

மறுநாள் மூன்று பேருமாக ஆடிட்டரிடம் போனார்கள். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார்.

"உங்க நிலத்துல விளைஞ்ச காயை நீங்களே உலர்த்துறது விவசாயம்தான். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோற பக்குவத்துக்கு ஆக்குறதுக்கு விவசாயி வழக்கமா செய்யிற வேலையைச் சட்டமே விவசாயம்னு சொல்லுது. ஆனா அடுத்தவர் காயைக் கூலிக்கு உலர்த்துறது தொழில். காயை வாங்கி வித்தா வியாபாரம். ஸ்டோர் ஒண்ணுதான், அடுப்பும் ஒண்ணுதான், கணக்கு வேற."

தேயிலை என்றால் தோட்டமும் பேக்டரியும் சேர்ந்த வருமானத்தில் 40 சதவீதத்தைத் தொழில் வருமானமாக எடுப்பார்கள், ஏலக்காய்க்கு அப்படிப் பங்கு பிரிக்கும் விதி இல்லை, சொந்தக் காய் என்றால் முழுதும் விவசாயம் என்றும் விளக்கினார்.

பிறகு கோட்டின் வலது பக்கம் விவசாயமல்லாத வருமானத்தை எழுதினார். திருப்பூரில் ஏப்ரல், மே சம்பளம் 90,000. அதில் நிலையான கழிவு 75,000 போக 15,000. கூலிக்கு உலர்த்தியதில் 3,80,000. பி.எஃப். பணத்தை டெபாசிட் போட்டதில் வட்டி 30,000. மொத்தம் 4,25,000. பேங்க்கில் டி.டி.எஸ். பிடிக்காவிட்டாலும் வட்டியைக் காட்ட வேண்டும். விவசாயத்தில் சம்பாதித்த பணமாகவே இருந்தாலும் அதை டெபாசிட் போட்டு வரும் வட்டி விவசாய வருமானம் ஆகாது.

இடது பக்கம் விவசாயம் 5,20,000.

"விவசாயத்துக்கு வரி இல்லை. ஆனா, விவசாயம் 5,000 ரூபாய்க்கு மேலயும், மத்த வருமானம் வரி தொடங்குற வரம்புக்கு மேலயும் இருந்தா, விகிதம் பார்க்கிறதுக்கு மட்டும் ரெண்டையும் கூட்டணும். 1972-ல கே.என். ராஜ் கமிட்டி அறிக்கை கொடுத்ததுக்கு அப்புறம், 1973-ல வந்த ஏற்பாடு இது."

கணக்கு இப்படிப் போனது. 2024-25-ம் ஆண்டுக்குப் புதிய முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை. 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், 7 முதல் 10 லட்சம் வரை 10 சதவீதம். இரண்டு வருமானமும் சேர்ந்த 9,45,000-க்கு வரி 44,500. விவசாயம் 5,20,000-ஐயும் வரியில்லாத 3 லட்சத்தையும் கூட்டிய 8,20,000-க்கு வரி 32,000. இரண்டுக்கும் வித்தியாசம் 12,500. விவசாயமே இல்லாதிருந்தால் 4,25,000-க்கு 6,250 மட்டும்தான் வந்திருக்கும். விவசாய வருமானம் தனக்கு வரி கட்டாவிட்டாலும், பக்கத்தில் இருக்கிற வருமானத்தை ஒரு படி மேலே தூக்கி வைக்கிறது.

மச்சினன் மெதுவாகக் கேட்டான். "அப்போ 12,500 கட்டணுமா சார்?"

"இல்ல தம்பி. விவசாயம் சேராத மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள்ள இருந்தா 25,000 வரைக்கும் தள்ளுபடி இருக்கு. இவருக்கு 4,25,000தான். அதனால கட்ட வேண்டியது ஒண்ணுமில்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னாலும் வரி பூஜ்யம்தான். பொய் சொன்னாலும் அதே பூஜ்யம், ஆனால் பொய்யோடு ஒரு பழுப்புக் கவரும் சேர்ந்து வந்திருக்கும். மாமனார் தாளை வாங்கி, எண்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"அன்னிக்கே இப்படி ஒருத்தர்கிட்ட உக்கார்ந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஆடிட்டர் அதையும் மழுப்பவில்லை. "ஐயா, உங்களுக்கு அந்த வருஷம் வரி வந்திருக்கும். ஆனா லாபத்துக்கு மட்டும் வந்திருக்கும்."

ரசீது பேசியது

ஒரு வேலை மிச்சம் இருந்தது. விவசாயத்தின் நிகர வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் எந்த மாவட்டம், பின்கோடு என்ன, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று ரிட்டர்னில் எழுத வேண்டும். தேனி மாவட்ட விலாசத்தில் குடியிருக்கிறவர் இடுக்கி மாவட்ட நிலத்தைக் காட்டினால் ஆதாரம் கேட்கலாம். அங்கேதான் பழைய அலைச்சல் பயன் தந்தது. கரம் கட்டிய ரசீது, தன் பெயருக்கு மாற்றிய ஏலக்காய்ப் பதிவுச் சான்று, மாமனார் எழுதிக்கொடுத்த பத்திரம், ஏலக் கம்பெனியின் விற்பனைச் சீட்டு, எடுப்புக் கூலி நோட்டு எல்லாம் புதிய பைலில் இருந்தன. மருமகனுக்கு மாமனார் கொடுத்த நிலம் உறவுக்குள் கொடுத்தது, அதற்கு வருமானவரி இல்லை என்பதையும் ஆடிட்டர் குறித்துக் கொடுத்தார்.

விவசாயம் 5,000 ரூபாயைத் தாண்டியதால் சுலபமான நாலாம் எண் படிவம் செல்லாது. தொழில் வருமானமும் இருப்பதால் மூன்றாம் எண் படிவம் போட்டார்கள். மின்னஞ்சல், செல்போன் எண் இரண்டும் அவருடையதே. அதை மாமனார் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் வருடத்துச் சட்டத்துக்குப் பதில் புதிய வருமானவரிச் சட்டம் வருகிறது. பிரிவுகளின் எண்கள் மாறும். விவசாய வருமானத்துக்கு உள்ள விலக்கு தொடர்கிறது. விளைந்தது எது, கூலிக்குச் செய்தது எது, வாங்கி விற்றது எது என்று பிரித்து எழுதும் வேலையும் தொடரும்.

இப்போது ஸ்டோரில் இரண்டு நோட்டுகள் ஆணியில் தொங்குகின்றன. பச்சை அட்டை நோட்டில் சொந்தக் காய். சிவப்பு அட்டை நோட்டில் அடுத்தவர் காய், யார் பெயர், எத்தனை கிலோ, எவ்வளவு கூலி, கூடவே அவர் கையெழுத்து. விறகு வண்டி வந்தால் அந்த வாரம் எந்தக் காய் எவ்வளவு உலர்ந்ததோ அந்த விகிதத்தில் இரண்டு நோட்டிலும் செலவு ஏறுகிறது.

முட்டி வலியையும் பொருட்படுத்தாமல் மாதத்தில் ஒரு நாள் மாமனார் ஜீப்பில் ஏறி வருகிறார். தோட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டோருக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்பு நோட்டைப் புரட்டுகிறார். போன மாதம் ஒரு வரியில் கையெழுத்து இல்லாததைக் கண்டுபிடித்து, "இதை விட்டுட்டீகளே மாப்ள" என்றார். மாப்பிள்ளை நோட்டை வாங்கிக்கொண்டு, காயைக் கொடுத்தவரைத் தேடிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார்.